தக்காளி மறியல்

ஏம்மா, கோவிச்சுக்காதீங்க, உங்க போனை நான் எட்டிப் பாக்கல. பக்கத்துல உக்காந்தா கண்ணு தானாப் போகுது. அதுல கீழ சிவப்புப் பட்டையில ஓடுச்சே, 'பொதுமக்கள் கொந்தளிப்பு'ன்னு, அதை நம்பிட்டீங்களா? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, நம்பாதீங்க. நான் ஒருதடவ அந்தப் பட்டைக்கு மேல நின்னவ. அதான் சொல்றேன்.

ஆமா, டிவில வந்திருக்கேன். ஒரே நாள்ல பன்னெண்டு தடவ. நான் எண்ணல, எங்க வீட்டுக்காரர் எண்ணினார். என் தலையைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம், அதுக்கு ஒரு அம்புக்குறி, பின்னால டொம் டொம்முனு ஒரு மியூசிக். நகைக்கடையில திருடுனவளைக் காட்டுவாங்க பாருங்க, அந்த மாதிரி. நான் யாரு? சத்துணவு அமைப்பாளர். பேரு தெய்வானை. இருபத்திநாலு வருஷ சர்வீஸ்ல ஒரு முட்டை குறைஞ்சதுன்னு ஒருத்தர் சொன்னதில்ல.

நீங்க எங்க இறங்கணும்? டவுன் வரைக்குமா? அப்ப நேரம் இருக்கு.

இப்ப நான் ஏறினேனே நொச்சிப்பட்டி விலக்கு, எங்க ஊருக்கு ரோடு பிரியிற இடம், அங்க பஸ் நின்னுச்சுல்ல? அது சும்மா நிக்கல. நாலு வழிச் சாலை போட்டதுலேர்ந்து மூணு வருஷமா ஒரு வண்டி நின்னதில்ல. கையக் காட்டினா டிரைவர் பதிலுக்குக் கையக் காட்டிட்டுப் போவார், ஏதோ சொந்தக்காரர் மாதிரி. பஸ் ஏறணும்னா பாலம் வரைக்கும் ரெண்டரை கிலோமீட்டர் நடக்கணும். நான் நடந்துருவேன். மில்லுக்கு முத ஷிப்ட்டுப் போற பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி கிளம்பணுமே, ஒருபக்கம் லாரி, ஒருபக்கம் முள்ளுக்காடு.

நான்தான் மனு எழுதுனேன். எங்க ஊர்ல மனுன்னா என்கிட்டதான் வருவாங்க. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், நானே சொல்லிக்கக் கூடாது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு ரசீது குடுப்பாங்க. பதினேழு ரசீது வச்சிருக்கேன். பதினேழுக்கும் ஒரே பதில்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அந்தப் பரிசீலனைங்கிறது எந்த ஊரோ தெரியல, எல்லா மனுவும் அங்கதான் போய்க் குடியிருக்கு.

கடைசி மனுல நூத்திப் பதினாலு கையெழுத்து. ஊர்ல அத்தனை பொம்பளையும் போட்டுட்டாங்க, பவுனுத்தாயி மட்டும் போடல. பவுனு எங்களுக்கு எதிர்வீடு. அவ வீட்டுல பாத்திரம் கழுவுற அங்கணத் தண்ணி எங்க வாசலுக்குத்தான் வரும். அதுல எங்களுக்குள்ள நாலு வருஷமாப் பேச்சு இல்ல. இருக்கட்டும், ஊர் பொது விஷயம் இல்லையா? அதுல கூட அவ கையெழுத்துப் போடல பாருங்க. நான் அவகிட்ட மனுவை நீட்டல, அது வாஸ்தவம். நீட்டினாத்தான் போடணுமா?

சரி, மனு வேலைக்கு ஆகல, டிவிக்காரங்களைக் கூப்பிடுவோம்னு கூப்பிட்டோம். எழில்னு ஒரு தம்பி, எங்க பக்கத்துச் செய்தி எல்லாம் அவர்தான். கேமராவும் அவர்தான், மைக்கும் அவர்தான், மோட்டார் சைக்கிளும் அவர்தான். வந்து இறங்கினார். நாங்க நாப்பது பேர், ஆளுக்கொரு அட்டை, அட்டை எல்லாம் என் எழுத்து, ஒரு பிழை கிடையாது. வரிசையா புளியமரத்து நிழல்ல நிக்கிறோம்.

தம்பி சுத்திமுத்திப் பாத்துட்டுக் கேக்குறார், "போராட்டம் எங்கக்கா?"

"இந்தா நிக்கிறோமே."

"நிக்கிறீங்க. வேற என்ன பண்றீங்க?"

"பஸ்ஸுக்கு நிக்கிறோம். அது நிக்க மாட்டேங்குது. அதான் செய்தி."

தலையைச் சொறிஞ்சார். "நிக்கிறது விஷுவல் இல்லக்கா. யாராச்சும் ரோட்ல படுங்களேன். இல்லைன்னா காலிக் குடத்தையாவது உடைங்க."

"எங்களுக்குத் தண்ணிப் பிரச்சினை இல்லையே தம்பி."

"குடம்னா பாக்குறவங்களுக்கு டக்குன்னு புரியும்க்கா. எதையாவது ரோட்ல கொட்டுங்க. எதுன்னாலும் சரி."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "தம்பி, நாங்க மனு குடுக்கிறவங்க. ரோட்டை மறிக்கிற சாதி இல்ல. மரியாதையாக் கேக்குறோம், மரியாதையாப் போடுங்க"ன்னுட்டேன். தம்பியும் மரியாதையா எடுத்துக்கிட்டுப் போனார்.

அன்னிக்குச் சாயங்காலம் ஊரே டிவி முன்னாடி. நாங்க வரல. பிள்ளையார் மாதிரி காய்ச்ச ஒரு கத்திரிக்காய் வந்துச்சு. தும்பிக்கை இருந்துச்சு, தொப்பை இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா ஏழு நிமிஷம்! வெளைய வச்சவர் பேட்டி, பறிச்ச பொம்பளை பேட்டி, வேடிக்கை பாக்க வந்தவர் பேட்டி. கத்திரிக்காய் ஒண்ணுதான் பேசல. நாப்பது பொம்பளைங்க ஒரு கத்திரிக்காய்க்குச் சமம் இல்லையான்னு கேட்டுப் போன் போட்டேன். "அக்கா, கத்திரிக்காய் இதுவரைக்கும் ரெண்டு லட்சம் பேர் பாத்துட்டாங்க"ங்குறார் தம்பி.

இது நடந்து ரெண்டு மாசம் இருக்கும். ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை, காலையில எட்டரை மணி. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி விலக்குக்கு வர்றேன், வெயிலுக்குக் குடை பிடிச்சிருக்கேன். பாத்தா, ரோடே செக்கச்செவேல்னு கிடக்கு. பதறிப் போயிட்டேன். கிட்டப் போய்ப் பாத்தா தக்காளி. மார்க்கெட்டுக்குப் போற மினி லாரி, டயர் வெடிச்சுக் கவுந்து கிடக்கு. டிரைவருக்கு முழங்கையில சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல, சாமி காப்பாத்துச்சு. அவரே சொல்லியிருக்கார், "நல்லதாப் பொறுக்கிப் பெட்டியில போட்டுக் குடுங்கம்மா, நசுங்கினதை நீங்களே எடுத்துக்கங்க"ன்னு.

கேக்கணுமா? ஊரே அண்டா குண்டாவோட ரோட்ல உக்காந்துருச்சு. துணி துவைக்கிற டப்பைத் தூக்கிட்டு வந்தவகூட உண்டு. நல்ல தக்காளி எது, நசுங்கினது எதுன்னு அங்க ஒரு பஞ்சாயத்து. கையில எடுக்கிறப்ப நல்லதா இருக்கிறது டப்புக்குள்ள போறப்ப நசுங்கிருது. ரெண்டு பக்கமும் பஸ்ஸு, லாரி, காரு, ஆரன் சத்தம் காதைப் பிளக்குது.

மனு குடுக்கிற ஊருன்னு நான் பேர் வாங்கி வச்சிருக்கேன், இவளுக ரோட்ல உக்காந்து தக்காளி பொறுக்குறாளுக. எனக்கு அவமானமா இருக்காதா? குடையை மடக்கி ஆட்டிக்கிட்டே போய் ஒரு சத்தம் போட்டேன். "எந்திரிங்கடி! ரோட்டை விடுங்கடி! அவனவன் அவசரத்துக்குப் போறான், உங்களுக்கு என்னடி கொள்ளை?" ஊர் நல்லதுக்குத்தான் சொன்னேன். நான் ஒரு தக்காளி தொடல, சத்தியமா. என் பையில நாலு கிலோ இருந்துச்சு, அது டிரைவரா பிரியப்பட்டுப் போட்டது.

அந்த நெரிசல்ல எழில் தம்பியும் மாட்டிக்கிட்டு நின்னிருக்கார். எங்கயோ வேற செய்திக்குப் போனவர். வண்டியை நிறுத்திட்டுக் கேமராவைத் தூக்கிட்டு ஓடி வந்தார். என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, இதான்க்கா விஷுவல்!"

நான் நெனச்சேன், விபத்துச் செய்தி போடப் போறார்னு. 

மத்தியானம் பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டு முடிக்கல, எங்க வீட்டுக்காரர் போன். "நீ வந்திருக்க, ஆனா வந்திருக்க வேண்டாம்"னார். வீட்டுக்கு ஓடி வந்து பாத்தா, சிவப்புப் பட்டை ஓடுது: 'பேருந்து நிற்காததைக் கண்டித்து நெடுஞ்சாலையில் தக்காளியைக் கொட்டிப் பெண்கள் மறியல்.' பொம்பளைங்க ரோட்ல உக்காந்திருக்காங்க. சுத்தித் தக்காளி. பஸ்ஸு நிக்குது. கவுந்த லாரியைக் காணோம்! அவ்வளவு பெரிய லாரி, டிவில அது எங்க போச்சுன்னே தெரியல.

அதுக்கப்புறம் நான் வர்றேன். குடையை ஓங்கிக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு. வட்டம், அம்புக்குறி, டொம் டொம். எனக்குக் கீழ எழுதியிருக்கான்: 'போராடிய பெண்களை விரட்டிய பயணி.' பயணியாம்! மூணு வருஷமா ஒரு பஸ்ஸு ஏத்திக்கல, நான் பயணியாம்!

அடுத்து யாருங்கிறீங்க? பவுனுத்தாயி. அவ பேருக்கு முன்னாடி 'போராட்டக் குழு'ன்னு போட்டிருக்கு. மைக்கை நீட்டினதும் பொலபொலன்னு அழுகுறா. தக்காளிச் சாறு கண்ணுல தெறிச்சா எரியாதா? அதான் அழுகை. அழுதுக்கிட்டே சொல்றா, "எம்மக சுகந்தி விடியக்காலம் மில்லுக்கு நடந்து போறப்ப ஒருத்தன் வண்டியில பின்னாலயே வந்தான்யா. அன்னையிலேர்ந்து பயந்துபோய் வேலையை விட்டுட்டா. ஒரு வருஷமா வீட்டுக்குள்ளயே கிடக்கு எம்புள்ள"ன்னு. அது நிஜந்தான். பொண்ணு வெளிய வர்றதில்லைன்னு நானும் பாத்தேன், கொழுப்புன்னு நெனச்சேன். எதிர்வீடு, எனக்கே டிவி பாத்துத்தான் தெரியுது. ஆனா அழுதது தக்காளியாலதான். அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

அதோட விட்டானுகளா? சாயங்காலம் விவாதம் வச்சானுக. நாலு பேர் நாலு கட்டத்துக்குள்ள உக்காந்து என்னைப் பத்திப் பேசுறாங்க. ஒருத்தர் சொல்றார், "அந்தக் குடை ஒரு குறியீடு"ன்னு. வாரச் சந்தையில வாங்கின குடைங்க, ஒரு கம்பி உடைஞ்சிருக்கு. இன்னொருத்தர், கண்ணாடி போட்டவர், ரொம்ப வேகமாப் பேசுறார், "இது மேட்டுக்குடி மனநிலை"ங்குறார். எங்க வீடு பள்ளத்துல இருக்குங்க! அதனாலதான பவுனு வீட்டுத் தண்ணி எங்க வாசலுக்கு வருது!

டிவியைப் பாத்து அதை நான் கத்தியே சொன்னேன். எங்க வீட்டுக்காரர் சொன்னார், "அவங்களுக்குக் கேக்காது தெய்வானை." அவர் சில சமயம் அப்படித்தான், ரொம்பத் தெளிவாப் பேசிருவார்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். திங்கக்கிழமை ஆர்டர் வந்துருச்சு. பதினேழு மனுவுக்கு அசையாதது நாலு நாள்ல. டெப்போவுலேர்ந்து ஆள் வந்து போர்டு நட்டாங்க. செவ்வாக்கிழமை காலையில முத பஸ் வந்து நின்னுச்சு. மாலை, தேங்காய், சூடம், எல்லாம் அமர்க்களம். தேங்காயை யாரு உடைக்கிறது? 'போராட்டக் குழு' பவுனு உடைச்சா. நான் கூட்டத்துக்குக் கடைசியில நிக்கிறேன். பஸ்ஸுல இருந்த ஒரு அம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்டச் சொல்றாங்க, "அந்தா, குடைக்காரி! வெக்கமே இல்லாம வந்து நிக்கிறா பாரு!"

எனக்குத் தூக்கம் வருமா? சனிக்கிழமை, பைலை எடுத்துக்கிட்டு எழில் தம்பி ஆபீசுக்கே போயிட்டேன். டவுன்ல ஜெராக்ஸ் கடைக்கு மாடியில ஒரு ரூம். பதினேழு ரசீதையும் மேசையில பரப்பினேன். "தம்பி, திருத்தம் போடுங்க. மறியலே நடக்கல. லாரி கவுந்துச்சு. போராடுனது நான். அவளுக தக்காளி பொறுக்க வந்தவளுக."

தம்பி ஒவ்வொரு ரசீதா எடுத்துப் பாத்தார். அப்புறம் மெதுவாச் சொன்னார், "தெரியும்க்கா. லாரி ப்ரேமுக்குள்ள வராம எடுக்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"ஏன் தம்பி அப்படிப் பண்ணீங்க?"

"லாரியைக் காட்டுனா அது விபத்து. யாரும் சாகாத விபத்தை எங்க ஆபீஸ்ல சீந்த மாட்டாங்க. அன்னிக்கு நீங்க அட்டையோட நின்னதைப் போட முடியலையேன்னு எனக்கும் ஒரு உறுத்தல் இருந்துச்சு. சரி, இப்படியாவது உங்க ஊருக்குப் பஸ் நிக்கட்டுமேன்னு பண்ணேன்."

"அதுக்கு எனக்கு ஏன் வட்டம் போட்டீங்க?"

"எதிர்ப்பு ஒண்ணு இல்லாம போராட்டம் நிக்காதுக்கா. அங்க கத்துனது நீங்க ஒருத்தர்தான்."

இதுக்கு என்ன சொல்லுவீங்க? அப்புறம் ஆர்டர் நகலை எடுத்துக் காட்டினார். 'பொதுமக்களின் மறியல் போராட்டத்தைக் கருத்தில் கொண்டு, தற்காலிகமாக'ன்னு இருக்கு. "இப்ப மறியலே நடக்கலைன்னு நான் போட்டா, அப்ப எதுக்கு ஸ்டாப்பிங்னு கேப்பாங்க. போர்டைப் பிடுங்க அரை மணி நேரம் ஆகாது. சொல்லுங்க, போடவா?"

யோசிச்சேன். எனக்குப் பேரு புகழ் எல்லாம் வேண்டாம், அதுக்கு நான் ஆசைப்பட்டவ இல்ல. உண்மை தெரியணும், அந்த உண்மையில என் பேரு இருக்கு, அவ்வளவுதான். ஆனா அந்த வாரந்தான் சுகந்தி மறுபடி மில்லுக்குப் போக ஆரம்பிச்சிருந்தா. எங்க வாசலைத் தாண்டித்தான் போவா, டிபன் தூக்கை ஆட்டிக்கிட்டு. அதுக்காக நான் விட்டுக்குடுத்தேன்னு நெனக்காதீங்க. எனக்குப் பாலம் வரைக்கும் நடந்து முட்டி வலி, அதான்.

"சரி, போடாதீங்க. வட்டத்தையாவது எடுங்க"ன்னேன்.

"எடுக்க முடியாது. ஆனா இன்னொண்ணு பண்ணலாம். 'எதிர்த்தவரே மனம் மாறினார்'னு ஒரு ஸ்பெஷல். நல்லா போகும்க்கா. உங்க மேல ஜனங்களுக்கு இரக்கம் வரும்."

பண்ணேங்க. என்ன பண்றது? அடுத்த புதன்கிழமை காலையில போர்டுக்குக் கீழ நின்னு, "அன்னிக்கு நான் போராட்டத்தைப் புரிஞ்சுக்கல, இப்ப தெரிஞ்சுக்கிட்டேன், எல்லாருக்கும் நன்றி"ன்னு சொன்னேன். மூணு தடவ சொல்லச் சொன்னார். மூணாவது தடவ, "கண்ணுல தண்ணி வருமாக்கா?"ன்னார். தக்காளி கொண்டு வந்திருந்தா வந்திருக்கும்னேன். சிரிச்சுட்டார். ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்குறாங்க, பவுனு எனக்குப் பின்னாலயே நிக்கிறா, வாயைத் திறக்கல. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, ஏறிப் போயிட்டேன்.

அந்தா பாருங்க, முன்னாடி மூணாவது சீட்டுல, பச்சைச் சேலை. திரும்பிப் பாக்குறாளே, அவதான் பவுனு. பக்கத்துல பையை வச்சு எனக்கு இடம் போட்டிருக்கா. தினமும் போடுறா. நான் போறதில்ல, இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்குவேன். நீங்க சிரிச்சு வைக்காதீங்க, உடனே இங்க வந்துருவா. அங்கணத் தண்ணியைக்கூடக் குழாய் போட்டு மறுபக்கம் திருப்பி விட்டுட்டா. மனசாட்சி குத்துது, வேற என்ன?

அதுக்கு மேல ஊரெல்லாம் அவ ஒரு கதை சொல்றா, கேளுங்க. அன்னிக்கு நான் பஸ் ஏறிப் போனதுக்கப்புறம் இவ அந்த மைக்கைப் பிடுங்கிட்டாளாம். "இப்ப அந்தக்கா சொல்லிட்டுப் போனது பொய்யி. எங்க ஊருக்குப் பஸ் வேணும்னு மூணு வருஷமா மனு எழுதி ஓடியாடுனது அந்தத் தெய்வானக்காதான். நாங்க எல்லாம் தக்காளிக்கு வந்தவங்க. பேர் போடுறதா இருந்தா அவங்க பேரைப் போடுங்க"ன்னு பத்து நிமிஷம் பேசுனாளாம். ரெண்டு தடவ நிறுத்தச் சொல்லியும் நிறுத்தலையாம். சுகந்தியும் அதையேதான் சொல்லுது. ஊர்ல நாலு பேர் பாத்தோம், கேட்டோம்னு சத்தியம் பண்றாங்க. அம்புட்டுப் பேரையும் பேசி வச்சிருக்கா பாருங்க, கெட்டிக்காரி.

எனக்குத் தெரியாதா? அன்னிக்குச் சாயங்காலம் முழுசா உக்காந்து பாத்தேனே. நான் வந்தேன், நன்றி சொன்னேன், விளம்பரம் வந்துருச்சு. பவுனு பேசுனதா ஒரு வரி இல்ல. எங்க வீட்டுக்காரர்கூட, "வெட்டியிருப்பாங்க தெய்வானை"ங்குறார். அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

நீங்களே சொல்லுங்கம்மா. அவ நிஜமாவே பேசியிருந்தா, டிவில வராமலா போயிருக்கும்?